இரண்டு மணி நேரம் தள்ளிப் போட்டால் போதுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். இடுப்பிலும் தொடை இடுக்கிலும் ஆறு மாதமாகப் படர்தாமரை விட்டு விட்டு வருகிறது. தோல் டாக்டர் பூஞ்சை மருந்தான இட்ராகோனசோல் 100 மி.கி. கேப்சூலைக் காலை ஒன்று, இரவு ஒன்று என நான்கு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். அப்பா ஏற்கெனவே கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 40, பிரஷருக்கு அம்லோடிபின் 5, கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த சுகர் மாத்திரை, ஆஸ்பிரின் 75, காலையில் வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல்–டோம்பெரிடோன் கேப்சூல், இரவில் ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எல்லாம் சாப்பிடுகிறார். தோல் டாக்டர் கேட்டபோது "சுகர், பிரஷர் இருக்கு" என்று மட்டும் சொன்னாராம்.

பத்து நாள் ஆகிவிட்டது. படை அப்படியே இருக்கிறது. ஆனால் நாலைந்து நாளாகத் தொடையும் கெண்டைக்காலும் கடுக்கின்றன. மாடிப்படி ஏறச் சிரமப்படுகிறார். சாயங்காலமானால் பாதம் வீங்குகிறது. மருந்துக்கடையில் கேட்டால், "எல்லா மாத்திரைக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க, சரியாயிடும்" என்கிறார்கள். அது போதுமா? இன்னொன்று. அம்மாவுக்கும் இப்போது படை வந்திருக்கிறது. அவருக்கு இதய வால்வு மாற்றிய பிறகு ரத்தம் உறையாமல் இருக்க அசெனோகூமரால் 2 மி.கி. போய்க்கொண்டிருக்கிறது. அப்பாவின் மீதிக் கேப்சூல்களை அவருக்குக் கொடுக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இன்றைக்குச் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று இரவிலிருந்து அட்டோர்வாஸ்டாட்டினும் இட்ராகோனசோலும் அப்பாவுக்கு வேண்டாம். நாளைக் காலை பான்டோப்ரசோல்–டோம்பெரிடோனுக்குப் பதிலாக டோம்பெரிடோன் சேராத வெறும் பான்டோப்ரசோல் போதும். சுகர், பிரஷர், ஆஸ்பிரின் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாளைக்குள் அவருடைய பொது மருத்துவரைப் பாருங்கள். போகும்போது எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சிபிகே (தசைச் சிதைவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), பொட்டாசியம், எஸ்ஜிபிடி (கல்லீரலுக்கு), ஒரு ஈசிஜி ஆகியவற்றைக் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனாலோ, அளவு குறைந்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கி எழுந்து உட்கார வேண்டியிருந்தாலோ, மயக்கம் வந்தாலோ நாளை வரை காத்திருக்க வேண்டாம்; உடனே 108 ஆம்புலன்ஸ். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்ததாகவோ மாரடைப்பு வந்ததாகவோ நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் கொழுப்பு மாத்திரையை நிறுத்திய செய்தி அவருடைய இதய மருத்துவருக்கும் உடனே போக வேண்டும். சிபிகே முடிவைப் பார்த்துவிட்டு மாற்றை அவர் சொல்வார். அது வாரக்கணக்கில் தள்ளிப்போகக் கூடாது.

இனி இரண்டு மணி நேர இடைவெளிக்கு வருவோம். மருந்துக்கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யில்லை. வயிற்றில் நடக்கும் மோதலுக்கு அது பொருந்தும். ஜெலுசில் மாதிரி வயிற்றமிலத்தைத் தணிக்கும் மருந்தையும் இட்ராகோனசோலையும் சேர்த்து விழுங்கினால் கேப்சூல் சரியாகக் கரையாது. கேப்சூல் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஜெலுசில் குடித்தால் பிரச்சினை இல்லை. உங்கள் அப்பாவின் சிக்கல் பெரும்பாலும் வயிற்றில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது. அங்கே இரண்டு மணி அல்ல, பன்னிரண்டு மணி நேரம் தள்ளிப் போட்டாலும் பலன் கிடையாது.

கல்லீரலிலும் குடல் சுவரிலும் சிஒய்பி 3ஏ4 என்று ஒரு நொதி இருக்கிறது. நாம் விழுங்கும் மருந்துகளில் பெரும் பகுதியைச் சிதைத்து வெளியேற்றுவது இதன் வேலை. இட்ராகோனசோல் பூஞ்சையின் உடலிலும் இதே குடும்பத்து நொதி ஒன்றை முடக்கித்தான் அதைக் கொல்கிறது. நம் உடலிலுள்ள 3ஏ4 அதற்குப் பக்கத்து உறவு என்பதால் அதையும் சேர்த்து முடக்கிவிடுகிறது. அப்பா தினமும் விழுங்கும் அட்டோர்வாஸ்டாட்டின் அதே 40 மி.கி.தான். ஆனால் கண்மாயின் மடையில் செத்தை அடைத்துக்கொண்டால் வரத்து கூடாமலே தண்ணீர் ஏறுமே, அப்படி அது ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். இட்ராகோனசோலோடு சேரும்போது ரத்தத்தில் அட்டோர்வாஸ்டாட்டினின் மொத்த அளவு சுமார் மூன்று மடங்காகிறது. அப்பா 40 சாப்பிட்டாலும் உடலைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய 120 மி.கி. இந்த மருந்துக்கு உச்ச அளவே நாளைக்கு 80தான். பழைய சிம்வாஸ்டாட்டினாக இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதன் செயல்படும் வடிவம் பத்தொன்பது மடங்கு வரை ஏறுவதாக 1998இல் வெளியான ஆய்வில் அளந்திருக்கிறார்கள். அதனால்தான் சிம்வாஸ்டாட்டினும் இட்ராகோனசோலும் சேரவே கூடாது என்பது விதி. அட்டோர்வாஸ்டாட்டினுக்கு அமெரிக்க விதி, இட்ராகோனசோல் போகும்போது 20 மி.கி.க்கு மேல் தாண்டாதே என்கிறது. ஐரோப்பாவில் இட்ராகோனசோலின் குறிப்பேடு சேர்க்கவே வேண்டாம் என்கிறது. எப்படிப் பார்த்தாலும் 40 அதிகம்.

இந்த முடக்கம் மாத்திரை வயிற்றில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் உரியதன்று. ஒரு வாரம் தொடர்ந்து சாப்பிட்டவருக்கு இட்ராகோனசோலின் பாதி அளவு ரத்தத்திலிருந்து வெளியேறவே ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகும். அது உடைந்து வரும் துணைப்பொருள்களும் அதே நொதியை முடக்குகின்றன. கடைசிக் கேப்சூல் போட்டு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை தாக்கம் நீடிக்கும். அதனால்தான் காலையில் ஒரு மருந்து, இரவில் மற்றது என்று பிரித்துப் போடுவதில் அர்த்தமில்லை. கேப்சூலை நிறுத்திய மறுநாளே "இனி ஒன்றும் இல்லை" என்று அட்டோர்வாஸ்டாட்டினைத் திரும்பத் தொடங்கவும் கூடாது. தசை வலி முழுவதும் போய், சிபிகே இயல்புக்கு வந்து, கேப்சூல் நிறுத்தி இரண்டு வாரம் தாண்டிய பிறகுதான் அதைப் பற்றிப் பேச வேண்டும்.

தசைக்கு வருவோம். கொழுப்பு மாத்திரை அளவு மீறினால் தசை நார்கள் சிதையலாம். பெரிய தசைகளில்தான் முதலில் தெரியும்: தொடை, இடுப்பு, தோள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வலிக்கும். குத்துக்காலிட்டு எழுவதும் படி ஏறுவதும் கடினமாகும். அப்பாவுக்கு இருப்பது இதே படம் என்றாலும் சிபிகே பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. சாயப்பட்டறையில் நாள் முழுக்க நின்றாலும் கால் கடுக்கும். சிபிகே உயர் எல்லையைவிடப் பத்து மடங்கு தாண்டியிருந்தால் மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியாக நீர் ஏற்ற வேண்டியிருக்கும். சிதைந்த தசையிலிருந்து வரும் புரதம் சிறுநீரகத்தை அடைத்துவிடும் என்பதே காரணம். சிறுநீரின் நிறத்தைக் கவனிக்கச் சொன்னது அதற்குத்தான்.

பாத வீக்கத்துக்கு இரண்டு வழி இருக்கிறது. இரண்டும் தீவிரத்தில் ஒன்றுபோல அல்ல. அம்லோடிபினும் அதே 3ஏ4 வழியாக வெளியேறும் மருந்துதான். அதன் அளவு ஏறினால் பிரஷர் தேவைக்கு மேல் இறங்கும், கணுக்கால் வீங்கும். இது தொந்தரவு, ஆபத்தில்லை. மருத்துவர் அளவைக் குறைப்பார், அல்லது இந்த வழியில் போகாத டெல்மிசார்ட்டான் போன்றதற்கு மாற்றுவார். மற்றது இட்ராகோனசோலே நேரடியாகச் செய்வது. அது இதயத்தின் சுருங்கும் வலுவைச் சிறிது குறைக்கும். இதயம் ஏற்கெனவே பலவீனமானவருக்கு நீர் கோக்கும், மூச்சு வாங்கும். இதயச் செயலிழப்பு இருப்பவருக்கும் முன்பு இருந்தவருக்கும் நகப் பூஞ்சைக்காகவோ படைக்காகவோ இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது வெறும் அம்லோடிபின் வீக்கம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவு நடந்தும் படை ஏன் குறையவில்லை? காரணம் காலையில் போடும் அந்தப் பான்டோப்ரசோல் கேப்சூல்தான் என்று நினைக்கிறேன். இட்ராகோனசோல் புளிப்பில் கரையும். வயிற்றில் அமிலம் இல்லாவிட்டால் கரையாமல் அப்படியே போய்விடும். பான்டோப்ரசோல் அமிலச் சுரப்பையே நாள் முழுக்க அடக்கி வைக்கிறது. இதே வகை மருந்தான ஒமிப்ரசோல் 40 மி.கி.யோடு சேர்த்துப் பார்த்ததில் ரத்தத்தில் சேரும் இட்ராகோனசோல் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இங்கும் இடைவெளி உதவாது, ஏனென்றால் இந்த மருந்து அமிலம் சுரக்கும் இடத்தையே மூடிவிடுகிறது. புதிதாக அது உருவாக ஒரு நாளுக்கு மேல் வேண்டும்.

உள்ளே போவது மூன்றில் ஒரு பங்கு என்றால் அட்டோர்வாஸ்டாட்டின் எப்படி ஏறும் என்று கேட்பீர்கள். தோலில் பூஞ்சையைக் கொல்லத் தேவையான அளவு சேர நாள் பிடிக்கும், அளவும் நிறைய வேண்டும். நொதியை முடக்குவதற்கோ மிகக் கொஞ்சம் போதும். குடல் சுவரிலேயே அந்த வேலை ஆரம்பித்துவிடுகிறது. ஆகவே பலன் பாதிகூடக் கிடைக்காமல் பக்கவிளைவு மட்டும் முழுதாக வருவது இந்த மருந்தில் நடக்கக்கூடியதுதான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனியுங்கள். "கேஸ் மாத்திரையால்தான் பலன் இல்லை" என்று கேள்விப்பட்டு அதை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடர்ந்தால், இட்ராகோனசோல் நன்றாக உள்ளே போகும். அட்டோர்வாஸ்டாட்டின் இன்னும் ஏறும். ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்வது மறுபக்கத்தைக் கெடுக்கும். இன்னொரு பிரச்சினையும் உண்டு: அப்பாவுக்கு ஆஸ்பிரின் போகிறது, வயது 60க்கு மேல். வயிற்றுப் புண்ணைத் தடுக்க பான்டோப்ரசோல் வேண்டும் என்றே மருத்துவர் எழுதியிருக்கலாம். அதை நீங்களாக நிறுத்த முடியாது. கோலா பானத்தோடு போட்டால் கேப்சூல் கரையும் என்று சிலர் சொல்வார்கள்; சர்க்கரை போட்ட கோலாவில் அது உண்மைதான், சுகர் உள்ளவருக்கு அது வழியில்லை. இப்போது 50, 65, 130 மி.கி. என்ற எண்களில் வரும் புதுவகை இட்ராகோனசோல் அமிலத்தை அவ்வளவாக நம்பியிருக்காது. ஆனால் 100 என்று எழுதிய சீட்டுக்குக் கடையில் அதை மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் உட்கிரகிப்பு கூடுதல். நொதியை முடக்குவதும் அதே அளவுக்கு உண்டு.

டோம்பெரிடோனை உடனே விடச் சொன்னதற்குக் காரணம் இதயத் துடிப்பு. பான்டோப்ரசோலோடு சேர்ந்து வரும் கேப்சூலில் பெரும்பாலும் 30 மி.கி. டோம்பெரிடோன் இருக்கும். ஒரு நாளைக்கு அதிகபட்சம் அவ்வளவுதான் என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் 2014இல் வரம்பு வைத்தது. 3ஏ4 நொதியை வலுவாக முடக்கும் மருந்துகளோடு சேர்க்கவே கூடாது என்றும் சொன்னது. சேர்ந்தால் டோம்பெரிடோன் மூன்று மடங்கு வரை ஏறி, ஈசிஜியில் க்யூடி என்று அளக்கும் இடைவெளியை நீட்டும். அது ஆபத்தான துடிப்புக் குலைவில் போய் முடியலாம். இந்த வகை விபத்தால்தான் உலகம் இதைக் கற்றுக்கொண்டது. டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரையும் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்ட 39 வயதுப் பெண்ணுக்கு இதயத் துடிப்பு தாறுமாறானது 1990இல் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. 1998இல் டெர்ஃபெனடின் அமெரிக்கச் சந்தையிலிருந்தே போய்விட்டது. தும்மலுக்குப் போட்ட மாத்திரை! அதனால், "வெறும் கேஸ் மாத்திரைதானே" என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. நம் ஊரில் எதற்கெடுத்தாலும் டோம்பெரிடோன் சேர்த்து எழுதுவது ஒரு பழக்கமாகிவிட்டது. வாந்தியும் இல்லை, வயிற்று உப்பசமும் இல்லை என்றால் அது எதற்கு என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

டாம்சுலோசினும் ஏறும். அப்பா இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது தலை சுற்றி விழ வாய்ப்புண்டு. இன்னும் இரண்டு வாரத்துக்குக் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினுக்கும் ஆஸ்பிரினுக்கும் இதில் பங்கில்லை. கிளிமிபிரைடு பெரும்பாலும் வேறொரு நொதி வழியாகப் போவதால் இட்ராகோனசோலால் பெரிதாக ஏறாது. இருந்தாலும் சாப்பாடு தள்ளிப்போகும் நாளில் குளுக்கோமீட்டரில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அப்பாவின் படைக்கு என்ன வழி? என் கருத்தில் இரண்டு படி உண்டு. முதலில், கடையில் வாங்கித் தடவிய க்ரீம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். குழாயின் மேல் கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும். ஆறு மாதமாகப் படை விட்டு விட்டு வருவதற்குப் பாதி நேரம் காரணம் இதுதான். ஸ்டீராய்டு கலக்காத க்ரீமை, படையின் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் சேர்த்து, படை மறைந்த பிறகும் இரண்டு வாரம் தடவ வேண்டும். ஈர உள்ளாடை, இறுக்கமான கால்சட்டை, வீட்டில் ஒரே துண்டு ஆகிய மூன்றும் மாறாமல் எந்த மாத்திரையாலும் படை நிற்காது.

மாத்திரை வேண்டும் என்றால் டெர்பினஃபின் 250 மி.கி. அப்பாவின் பட்டியலோடு கிட்டத்தட்ட மோதாது. அமிலம் தேவையில்லை, 3ஏ4ஐத் தொடுவதில்லை. தொடங்கும் முன் எஸ்ஜிபிடி பார்க்க வேண்டும். அது வேறொரு நொதியான 2டி6ஐ முடக்கும். பிரஷருக்கு மெட்டோபுரோலால் சாப்பிடுபவருக்கு நாடித்துடிப்பு குறையும். கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் சாப்பிடும் சுகர்காரருக்கு அது ஏறி மயக்கமும் சிறுநீர் அடைப்பும் வரலாம். ட்ரமடால், கோடீன் போன்ற வலி மருந்துகள் வேலை செய்யாமல் போகும். அந்த முடக்கம் நிறுத்திய பிறகும் பல வாரம் நீளும். இந்தியாவில் படைப் பூஞ்சை டெர்பினஃபினுக்குப் படியாத நிலை பரவிவருகிறது என்பதும் உண்மை. ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று 2020இல் பெயர் பெற்ற பூஞ்சை அப்படிப்பட்டது. தோல் மருத்துவர் நேராக இட்ராகோனசோலுக்குப் போனதன் காரணம் பெரும்பாலும் அதுதான். அவர் தேர்வில் பிழையில்லை. பட்டியல் அவர் கையில் இல்லை, அவ்வளவே.

ஃப்ளூகோனசோல் சிறிய மாத்திரை, வாரம் ஒன்றுதானே, பயமில்லை என்று நினைக்க வேண்டாம். அது 2சி9 நொதியை முடக்கும். கிளிமிபிரைடு அந்த வழியில்தான் போகிறது. சேர்ந்தால் கிளிமிபிரைடு ரத்தத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். அதிகாலையில் வியர்த்து, நடுங்கி, தடுமாறும் தாழ்சர்க்கரைக்கு அது போதும்.

கடைசியில் இட்ராகோனசோலே வேண்டும் என்று இரு மருத்துவர்களும் முடிவெடுத்தால் இப்படி இருக்க வேண்டும்: சிபிகே இயல்பாகியிருக்க வேண்டும், இதயம் நன்றாக இருக்கிறது என்று உறுதியாக வேண்டும், அட்டோர்வாஸ்டாட்டினுக்குப் பதில் ரோசுவாஸ்டாட்டின் (இட்ராகோனசோலோடு அது ஏறுவது ஒன்றரை மடங்குக்குள்தான்), டோம்பெரிடோன் இல்லை, அம்லோடிபினுக்கு மாற்று அல்லது குறைந்த அளவு. பழைய வகைக் கேப்சூல் என்றால் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு விழுங்க வேண்டும். காலையில் டீயும் பிஸ்கட்டும் சாப்பாட்டுக் கணக்கில் வராது. கேப்சூலைப் பிரித்து உள்ளிருக்கும் குருணையைக் கலக்கிக் குடிக்கக் கூடாது.

அப்பாவின் பட்டியலில் இல்லாவிட்டாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சில. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் போகிறவருக்கும் வலிப்புக்குக் கார்பமசபின், ஃபெனிட்டாயின் போகிறவருக்கும் கதை தலைகீழ்: அவை நொதியைத் தூண்டிவிடும், இட்ராகோனசோல் ரத்தத்தில் தேறவே தேறாது. ஆஸ்துமா இன்ஹேலரில் உள்ள புடெசோனைடும் ஃப்ளூட்டிகசோனும் இட்ராகோனசோலோடு உடலில் தங்கி, மாத்திரையாக ஸ்டீராய்டு சாப்பிட்டவரைப் போல முகம் உப்ப வைக்கும். சிறுநீரகம் மாற்றியவர்களின் டாக்ரோலிமஸ் அளவு ரத்தத்தில் பாய்ந்து ஏறும். இதயத்துக்கு டிகாக்சின், டிகாக்ரெலார், ஐவாப்ரடின், ரனோலசின் போகிறவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. தூக்க மாத்திரை அல்ப்ராசோலம் மறுநாள் பகலிலும் இறங்காது. ஆண்கள் வெளியில் சொல்லாமல் வாங்கும் சில்டனாஃபிலும் இந்தப் பட்டியலில் உண்டு. மருந்துச் சீட்டில் எங்கும் இல்லாததால் அதை யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை.

பட்டியல் எப்படி எழுத வேண்டும் என்று ஒரு வார்த்தை. பிராண்டுப் பெயரை எழுதாதீர்கள். அட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரையும் மி.கி.யையும் எழுதுங்கள். பிராண்டுப் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஓர் எழுத்தில் முழு மருந்தே ஒளிந்திருக்கும். அப்பாவின் டோம்பெரிடோன் அப்படி வந்ததுதான். கத்தரித்து வாங்கிய அட்டையில் பெயர் போயிருந்தால் கடையில் முழு அட்டையைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஹேலர், மூட்டில் போட்ட ஊசி, நாட்டு மருந்துச் சூரணம் எல்லாம் பட்டியலில் வர வேண்டும். அப்பாவுக்கு நேர்ந்ததை மருந்துப் பக்கவிளைவாகப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண்ணுக்கு நீங்களே பேசலாம். மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை.

அம்மா விஷயத்தில் பதில் ஒரே சொல்: வேண்டாம். செயற்கை வால்வு வைத்தவருக்கு ரத்தம் உறையாமல் வைத்திருக்கும் அளவு ஒரு குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற அளவை, வால்வின் வகையைப் பொறுத்து 2க்கும் 3க்கும் நடுவிலோ 2.5க்கும் 3.5க்கும் நடுவிலோ வைக்கச் சொல்லியிருப்பார்கள். இட்ராகோனசோலும் ஃப்ளூகோனசோலும் அசெனோகூமராலை ஏற்றிவிடும். பல் தேய்க்கும்போது ரத்தம், தோலில் காரணமில்லாத கறுப்புத் திட்டு, கறுத்த மலம் என்று தெரியும் முன்பே தலைக்குள் கசியலாம். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல்லும் இதில் சேர்த்தி. வாயில் தடவுவதுதானே என்று நினைத்தால், விழுங்கும் கொஞ்சமே ஐஎன்ஆரைத் தாறுமாறாக்கும். பழைய மருந்தான கிரிசியோஃபல்வினோ எதிர்ப்பக்கம் போகும். அது நொதியைத் தூண்டி ரத்தம் உறையாத் தன்மையைக் குறைத்துவிடும். வால்வில் கட்டி உறைந்தால் நிலைமை ரத்தக்கசிவுக்குக் குறைந்ததல்ல.

அம்மாவுக்குப் படை ஓரிரண்டு இடத்தில் மட்டும் என்றால் வெளியே தடவும் ஸ்டீராய்டு இல்லாத க்ரீமிலேயே தொடங்கலாம். அதிலும் மைக்கோனசோலைத் தவிர்த்துக் க்ளோட்ரிமசோல் அல்லது டெர்பினஃபின் க்ரீம் நல்லது. மாத்திரையே தேவைப்பட்டால் தோல் மருத்துவரும் வால்வைப் பார்க்கும் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். டெர்பினஃபின் மாத்திரை அசெனோகூமராலை அதிகம் அசைப்பதில்லை. இருந்தாலும் தொடங்கிய நாலாவது ஐந்தாவது நாளில் ஒரு ஐஎன்ஆர், பிறகு வாரம் ஒன்று, முடித்த பிறகு இரண்டு வாரம் கழித்து ஒன்று எடுத்துவிடுங்கள். அப்பாவிடம் மீந்திருக்கும் கேப்சூல்களை நாளைக்கு அவர் டாக்டரிடம் அட்டையோடு காட்டுங்கள். அதற்குப் பிறகு அவை வீட்டு அலமாரியில் இருக்க வேண்டாம்.